நாற்பத்து நான்கில் முடிந்த நம்பர்

என் கணவர் ஒரு கைத்தொலைபேசி கம்பெனியில் வேலை பார்த்தார் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவர் அந்தக் கம்பெனியோடு குடித்தனம் நடத்தினார். நானும் என் மகளும் அந்த வீட்டில் ஒட்டுக்குடித்தனம் இருந்தோம். இந்த நாட்டில் கம்பியில்லாத தொலைபேசியை முதலில் விற்க வந்த ஒருசில கம்பெனிகளில் அதுவும் ஒன்று. இன்றைய பிள்ளைகளிடம் அதன் பெயரைச் சொன்னால் பிஸ்கட் கம்பெனியா என்று கேட்பார்கள். அதனால் பெயரை எழுதவில்லை. எழுதினால் எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும்.

அவர் மெர்டேக்கா ஆண்டில், மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஐம்பத்தேழில் பிறந்தவர். நாட்டுக்கும் தனக்கும் ஒரே வயது என்று கல்யாணமான புதிதில் என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். நாட்டில் எது புதிதாக வந்தாலும் அது தன் பிறந்தநாளுக்கு வந்த பரிசு மாதிரி நடந்துகொள்வார். அவர் பிறந்து வளர்ந்தது அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். சுதந்திரம் வந்தும் அங்கே துரை இருந்தார், கணக்கெழுதும் கிராணி இருந்தார், ஆபீஸ் மேசையில் ஒரே ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. தோட்டத்துச் சனம் அதைத் தொட முடியாது. அவருடைய அக்கா மலாக்கா ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது இறந்துபோனாள். செய்தி காலையிலேயே அந்தப் போனுக்கு வந்துவிட்டது. கிராணி அன்று வேறு வேலையாக இருந்தார். மறுநாள் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதுதான் நினைவு வந்து சொன்னாராம். அதுவரை என் மாமியார் மகளுக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுபோவதற்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை என் கணவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஒரு மனிதன் தொலைபேசியை இப்படிக் கட்டிக்கொண்டு அழுவானா என்று அவரைத் திட்ட வாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூண்டு நினைவுக்கு வரும். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கம்பெனியின் மலாக்கா கிளை காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டில் இருந்தது. கீழே கண்ணாடிக் கதவு போட்ட கடை, மேலே நாங்கள். கூரையில் இருந்த சிக்னல் கம்பத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரை மேலேயே குடிவைத்தார்கள். வாடகை இல்லை. நான் மாடி சன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு ரவிக்கை தைத்தேன். கீழே அவர் கார்களுக்குப் போன் மாட்டினார். ஆரம்பத்தில் போன் என்றால் காரோடு காராக மாட்டுவதுதான். பிறகுதான் செங்கல் கனத்தில் கையில் தூக்கிக்கொண்டு போகும் போன் வந்தது.

நம் ஆட்கள் கார் வாங்கினால் சும்மா எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். கோயிலில் நிறுத்தி, பூசை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினால்தான் மனசு ஆறும். போனையும் விடவில்லை. ஜாலான் பெண்டஹாராவில் நகைக்கடை வைத்திருந்தவர் ஒருவர், போன் மாட்டிய அன்றே காரை மறுபடியும் கோயிலுக்குக் கொண்டுபோனார். ஐயர் ரிசீவரில் சந்தனம் வைத்ததில் பேசும் ஓட்டை அடைத்துக்கொண்டது. யாருக்கும் குரல் கேட்கவில்லை. என் கணவர் அரை நாள் உட்கார்ந்து ஊசியால் சந்தனத்தைத் தோண்டி எடுத்தார். அதற்குப் பிறகு போன் மாட்டக் காசு கட்டும் தமிழ் ஆட்களிடமெல்லாம், பொட்டு வைப்பதென்றால் பின்பக்கம் வைக்கச் சொல்லிவிடுவார்.

நம்பர் எடுப்பது அதைவிடக் கூத்து. சீனர்கள் எட்டு வேண்டும் என்பார்கள், எத்தனை எட்டு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். நாலைக் கண்டால் ஓடுவார்கள், அவர்கள் மொழியில் அது சாவு. நம் ஆட்களுக்கு எட்டு சனி. கூட்டினால் எட்டு வந்தாலும் வேண்டாம் என்பார்கள். இப்படி எல்லாரும் கழித்துப் போட்டதில் ஒரு நம்பர் மிச்சம் கிடந்தது. கடைசியில் இரண்டு நாலு. சீனருக்கு அது இரட்டைச் சாவு, தமிழருக்குக் கூட்டினால் எட்டு. மலாய்க்கார மானேஜர் அதை என் கணவருக்கு ஸ்டாஃப் நம்பராகக் கொடுத்துவிட்டார். வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட நம்பரை யாராவது வாங்குவார்களா என்று நான் சண்டை போட்டேன். யாருக்கும் வேண்டாதது என்றால் யாரும் தன்னிடமிருந்து பிடுங்க மாட்டார்கள் என்றார். அந்த நம்பரை என் மகளுக்கு வாய்ப்பாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்.

நல்ல காலம் என்றால் அதுதான் நல்ல காலம். ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டில் பழம், பூ, பட்டுப்புடவைக்கு நடுவே அந்தச் செங்கல் போனை வைத்துக் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் அமுக்கிவிடக்கூடாது என்று என் கணவரைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சட்டைப்பையில் கம்பெனி பேனா குத்தி, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த போட்டோ இன்னும் யார் வீட்டிலோ இருக்கும். சிக்னலுக்காகக் காஜா பெராங்கில் பெரிய மனிதர்கள் எங்கள் கடைவாசலில் வந்து நின்று சத்தமாகப் பேசுவார்கள். ஊர் வியாபாரம், ஊர்ச் சண்டை எல்லாம் எனக்கு ரவிக்கை தைத்துக்கொண்டே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் சாதாரணத் தொலைபேசி கிடையாது. எல்லார் வீட்டிலும் சுவரோரம் ஒரு போன் இருந்தபோது எங்களுக்கு மட்டும் இல்லை. கையிலேயே ஒன்று இருக்கும்போது கம்பி எதற்கு என்பார். வேறு கம்பெனியின் கம்பி தன் வீட்டுக்குள் வருவதை அவர் மானக்கேடாக நினைத்தார். இதை அன்றே நான் பிடிவாதமாக எதிர்த்திருக்க வேண்டும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அவரோடு வாழ்ந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

என் மகள் பள்ளி முடித்ததும் கீழே அதே கடையில் கவுண்டரில் உட்கார்ந்தாள். அப்பாவும் மகளும் ஒரே நிறத்தில் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிப் போவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் அவள் இறங்கிய காலத்திலேயே கம்பெனியும் இறங்கத் தொடங்கியிருந்தது. புதுக் கம்பெனிகள் புதுமாதிரி போனைக் கொண்டுவந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும். பேச்சு தெளிவாகக் கேட்கும். தெருவோர ஒட்டுக்கடையில் சிகரெட்டோடு சேர்த்து கார்டு வாங்கிக் காசு ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் கடைவாசலில் நின்று கத்திய பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். வருகிறவர்கள் லைனை மூடத்தான் வந்தார்கள். அவர்களுக்கும் என் கணவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அந்தச் சின்னப் போன்கள் மழைக்குத் தாங்காது என்று எடுத்துச் சொல்லி அனுப்புவார்.

கவுண்டரில் உட்கார்ந்து லைன்களை மூடிக்கொண்டிருந்தவள் என் மகள். அவளுக்குத் தெரியாதா? ஒருநாள் சாப்பாட்டு மேசையில், கோலாலம்பூரில் அந்தப் புதுக் கம்பெனிகளில் ஒன்றில் தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றாள். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவரையும் அங்கே எடுத்துக்கொள்வார்கள், தான் பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். அது அவள் பாசத்தில் சொன்னது. அவருக்கு அது எங்கே போய்க் குத்தியதோ, கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார்.

“போறதுன்னா போ. ஆனா அந்தக் கம்பெனி லைன்ல இருந்து என் நம்பருக்கு அடிக்காத.”

என் மகள் என் வயிற்றில் பிறந்தவள், என்னைவிடக் கோபக்காரி. “சரிப்பா, அடிக்க மாட்டேன்,” என்றாள். அவ்வளவுதான் சண்டை. தட்டு உடையவில்லை, சத்தம் போடவில்லை. அப்படிச் சத்தம் போட்டிருந்தால் மறுநாளே ஆறிப்போயிருக்கும்.

சொன்னபடியே அவள் தன் போனிலிருந்து அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூரில் ஏதாவது பொதுத் தொலைபேசியில் காசு போட்டு அடிப்பாள். கைத்தொலைபேசி கம்பெனியில் வேலை செய்பவள், பையில் சில்லறையைக் கட்டிக்கொண்டு பூத்தைத் தேடி அலைந்தாள். இவரும் குறைந்தவரில்லை. ஞாயிறு என்றால் எங்கேயும் போகமாட்டார். மணி அடித்தால் அவர்தான் எடுப்பார். ஒரு பேச்சுப் பேசமாட்டார். அவள் குரலைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டு நிற்பார், பிறகு உன் மகள் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். போய்விடுவாரா, எங்கே போவார்? கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். நான் வேண்டுமென்றே அவள் சொன்னதையெல்லாம் திருப்பிச் சத்தமாகச் சொல்வேன். அப்படியா, காய்ச்சல் விட்டுவிட்டதா, சம்பளம் கூட்டினார்களா என்பேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் ஒலிபெருக்கி.

பிறகு காஜா பெராங் கிளையை மூடினார்கள். பெரிய கம்பெனி ஒன்று எங்கள் கம்பெனியை வாங்கிக்கொண்டது. பெயர்ப்பலகையை லோரியில் ஏற்றியபோது என் கணவர் கீழே நின்று, கீறல் விழாமல் பார்த்து இறக்கும்படி ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது குப்பைக்குப் போகிறது என்று அந்தப் பையன்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் மாடியிலிருந்து பார்த்தேன். அன்றுதான் அவர் கிழவனாகத் தெரிந்தார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

மாடி வீடும் கம்பெனியோடு போயிற்று. புக்கிட் ரம்பாயில் ஒரு மலிவுவிலை வீட்டுக்கு மாறினோம். அவர் பத்து பெரெண்டாமில் கார் அலாரம் மாட்டும் கடை ஒன்றில் சேர்ந்தார். பழைய செங்கல் போன் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. பழைய லைன்களைச் சீக்கிரம் நிறுத்தப்போகிறோம், கவுண்டருக்கு வந்து புது நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. நிறுத்துகிறோம் என்பார்கள், தள்ளிப்போடுவார்கள். இப்படியே பலமுறை ஆனதால் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த நம்பரை யாரும் பிடுங்க முடியாது என்ற பழைய பாட்டையே பாடினார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால் வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். அப்பா ஒரு வார்த்தை வா என்று சொன்னால் போதும் என்றாள். நான் இதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் அசைவே இல்லை. போனை அவர் காதில் கொண்டுபோய் வைத்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க மனிதர் முன்வாசலைக் கழுவினார், பசாருக்குப் போய் அவளுக்குப் பிடித்த நண்டு வாங்கிவந்து வைத்தார். ஊருக்கே போன் மாட்டிக்கொடுத்தவருக்கு, தன் போனில் வா என்று ஒரு எழுத்து சொல்ல வரவில்லை. அவள் வரவில்லை. நண்டை நான் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

விமான நிலையத்திலிருந்து காசு போட்டுப் பேசினாள். கோலாலம்பூர் நம்பரை மூடிவிட்டாளாம். “அங்க போயி நம்பர் எடுத்தோன்ன அடிக்கிறேன்மா. அப்பாவ உடம்பப் பாத்துக்கச் சொல்லு,” என்றாள். காசு தீர்ந்து லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில் பழைய லைன்களை நிஜமாகவே நிறுத்திவிட்டார்கள். அவர் போனை முன்வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு ரோட்டுக்கு, பிறகு மோட்டாரில் ஏறிக் காஜா பெராங்கில் பழைய கடைவாசலுக்கே போய் நின்று பார்த்திருக்கிறார். வந்து உட்கார்ந்தவர், ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்றார். தொழில் தெரிந்தவர் பேசுகிற பேச்சா அது? நான் அழுதேன். அவள் எந்த நேரமும் கூப்பிடுவாள், உடனே போய் வேறு போன் வாங்குங்கள் என்றேன். வேறு போன் வாங்கினாலும் அதன் நம்பர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அவளுடைய புது நம்பரும் எங்களிடம் இல்லை.

நான் பஸ் ஏறிக் கோலாலம்பூர் போனேன். அவள் இருந்த அறையில் வேறு பெண்கள் இருந்தார்கள். அவள் வேலை செய்த இடத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள், வேலையை விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்ற விவரம் தங்களிடம் இல்லை என்றார்கள். என் கணவரோ நேரம் கிடைக்கும்போதெல்லாம் மலாக்காவில் இருந்த அந்தப் பெரிய கம்பெனியின் கவுண்டருக்குப் போய், பழைய நம்பரையே புது லைனில் போட்டுத் தரும்படி கேட்டார். முடியாது என்றார்கள். அடுத்த மாதம் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று மறுபடியும் போனார். தீபாவளி வந்தது, போனது, மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உயிரில்லாத போனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பலகாரத் தட்டை டொக்கென்று வைப்பேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுவேன்.

அவருக்கு நெஞ்சு நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நான் கடைசியாக ஒருமுறை கேட்டேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கையில்கூடப் போன் இருக்கிறது, இத்தனை வருடம் ஏன் ஒன்று வாங்கவில்லை என்று கேட்டேன். இத்தனை நாள் கம்பெனி விசுவாசம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

“வேற நம்பர் எடுத்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அவ அடிக்கக்கூடாதுன்னுதான் மாத்திட்டேன்னு நெனச்சுக்குவா. அப்பன் அவள வேணாம்னு சொல்லிட்டதா ஆயிரும்.”

மூன்றாம் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார். தமிழ்ப் பேப்பரில் படமும் வீட்டு முகவரியும் போட்டு அறிவிப்புக் கொடுத்தேன். சாவுச் செய்தி சொல்வதற்காக அல்ல, அது எங்கேயாவது சுற்றி என் மகள் கண்ணில் படட்டும் என்றுதான் கொடுத்தேன். பட்டது. கூடப் படித்த பெண் ஒருத்தி பார்த்துவிட்டு அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். கருமாதிக்கு முதல்நாள் பையோடு வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். நாங்கள் கட்டிக்கொண்டு அழுததை எழுத மாட்டேன், அது எங்களுக்குள்ளேயே இருக்கட்டும்.

சாயங்காலம் அடுப்படியில் நான் மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்து நம்பர் எடுத்த அன்றே அடித்தாளாம். அந்த நம்பர் இப்போது சேவையில் இல்லை என்று ஒரு பொம்பளைக் குரல் பதிவு சொன்னதாம். ஒரு மாதம் விடாமல் அடித்தாளாம். பிறகு சிநேகிதி ஒருத்தியைக் காஜா பெராங்குக்கு அனுப்பி விசாரித்துப் பார்த்திருக்கிறாள். நாங்கள் பழைய மாடியில் இல்லை, எங்கே போனோம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை என்று மட்டும்தான் அந்தச் சிநேகிதியால் சொல்ல முடிந்தது. புக்கிட் ரம்பாய் என்ற பேரைத்தான் நான் மகளிடம் போனில் சொல்லியிருந்தேன், தெருவையோ வீட்டு நம்பரையோ சொன்னதில்லை.

“பழைய லைன மூடிருப்பாங்கன்னு தெரியும்மா, அது என் வேலதானே. ஆனா அப்பா கையில போன் இல்லாம இருப்பாருன்னு யாரும்மா நெனப்பா? புது நம்பர் எடுத்திருப்பாரு, எனக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டாருன்னு நெனச்சேன்.”

கத்தியைக் கீழே வைத்தேன். சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். சொல்லாவிட்டால், அப்பா தன்னை வெறுத்தே செத்துப்போனார் என்று நினைத்துக்கொண்டு அவள் திரும்பிப் போவாள். சொன்னால், காத்திருந்தே செத்துப்போனார் என்று தெரிந்துகொண்டு போவாள். இரண்டில் எது என் பிள்ளைக்கு வலி குறைவு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரைப்பற்றிப் பொய்யான ஒன்றை அவள் ஆயுள் முழுக்கச் சுமப்பதை என்னால் பொறுக்க முடியாது. ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தீபாவளிகளையும் சொன்னேன். கவுண்டர் கவுண்டராகப் போனதையும் சொன்னேன்.

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். நான் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாலை போட்ட படத்துக்கு முன்னால் அவள் சம்மணம் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்ல, “ஹலோ, அப்பா,” என்றாள். வேறு எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.